சிஎன்டி (கார்பன் நானோகுழாய்) பூசிய கிளாஸி கார்பன்: பஃபரில் கோடு நேராக வருகிறது, குளிர்பானத்தில் மீட்பு 70%தான். எங்கே தப்பு?

நுண்ணளவி:

ஆரஞ்சு நிறக் குளிர்பானத்தில் உள்ள சன்செட் யெல்லோ சாயத்தை, அதாவது ஈ110-ஐ, டிஃபரன்ஷியல் பல்ஸ் வோல்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தைத் துடிப்புகளாக ஏற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறையில்) அளக்க வேண்டும். செட்டப் இது:

3 மி.மீ. விட்டமுள்ள கிளாஸி கார்பன் மின்முனை, 0.05 மைக்ரான் அலுமினாவில் பாலிஷ். கார்பாக்சில் ஏற்றிய பலசுவர் கார்பன் நானோகுழாய் (இனி சிஎன்டி), டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானில் 1 மி.கி./மி.லி., 30 நிமிடம் சோனிகேட் செய்து 10 மைக்ரோலிட்டர் சொட்டு. காய்ந்ததும் அதன் மேல் 0.5% நாஃபியான் (படலத்தைப் பிடித்து நிறுத்தும் பாலிமர்) 3 மைக்ரோலிட்டர். 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 4.5. பல்ஸ் உயரம் 50 மி.வோ., அகலம் 50 மில்லி வினாடி, ஸ்டெப் 4 மி.வோ., இடைவெளி 0.2 வினாடி. ஒப்பு மின்முனை வெள்ளி–வெள்ளி குளோரைடு, எதிர் மின்முனை பிளாட்டினம் கம்பி.

ஸ்டாண்டர்டில் (அளவு தெரிந்த சாயக் கரைசலில்) 0.5 முதல் 20 மைக்ரோமோலார் வரை கோடு நேராக வருகிறது. பீக் 0.72 வோல்ட்டில். பானத்தை 0.45 மைக்ரான் நைலான் ஃபில்டரில் வடிகட்டி, 2 மி.லி. எடுத்து 8 மி.லி. பஃபரில் சேர்க்கிறேன். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

பீக் 45 மி.வோ. நேர்ப்பக்கம் தள்ளிப் போகிறது. தெரிந்த அளவு சாயத்தைப் பானத்தில் கலந்து பார்த்தால் 68 முதல் 74% வரைதான் திரும்பக் கிடைக்கிறது. ஒரே கரைசலில் மூன்று ஸ்கேன் எடுத்தால் பீக் உயரம் 100, 82, 69 என்று இறங்குகிறது. ஒரே மாதிரி செய்த ஐந்து முனைகளுக்கிடையே விலகல் 18%. போதாக்குறைக்கு, வெறும் முனையோடு ஒப்பிட்டால் பேஸ்லைன் மலைபோல் ஏறியிருக்கிறது.

சிஎன்டி-க்குப் பதில் கிராஃபீனுக்கோ தங்க நானோதுகளுக்கோ மாறலாமா என்று யோசிக்கிறேன்.

---

சோனிகேட்டர்:

பொருளை மாற்ற வேண்டாம். இப்போது இருக்கும் படலத்தையே ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள்.

3 மி.மீ. வட்டின் மேல் 10 மைக்ரோலிட்டர் நிற்காது. 1.5 மி.மீ. ஆரத்தில் சரியான அரைக்கோளமாக உட்கார்ந்தால்கூட கொள்ளளவு 7 மைக்ரோலிட்டர்தான். டிஎம்எஃப் கார்பன்மேல் அப்படிக் குண்டாக உட்காராது, தட்டையாகப் படரும். தொடுகோணம் 30 டிகிரி என்று வைத்தால் வட்டுக்குள் அடங்குவது ஒன்றரை மைக்ரோலிட்டர். மீதியெல்லாம் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறைமேல் வழிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் வழிவது வேறு வேறு அளவு. உங்கள் 18 சதவீதத்தில் பெரும்பங்கு இங்கே இருக்கும்.

பத்து மடங்கு லென்ஸில் முனையைப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பு வளையமும் நடுவில் கண்ணாடிபோல் மினுக்கும் வெற்றிடமும் தெரிந்தால், காப்பிக் கறை வளையம் விழுந்திருக்கிறது. 2 மைக்ரோலிட்டராக இரண்டு தடவை விடுங்கள்; முதல் சொட்டு முழுசாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. டிஎம்எஃப்-இன் கொதிநிலை 153 டிகிரி. அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் மணிக்கணக்காகும், ஈரம் உள்ளே தங்கி ஸ்கேனுக்கு ஸ்கேன் பேஸ்லைன் நகரும். அகச்சிவப்பு விளக்கின் கீழ் 15–20 நிமிடம், புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறையோடு. சோனிகேட் செய்த குப்பியை மறுநாள் அப்படியே எடுத்துச் சொட்டாதீர்கள். அடியில் கட்டி இறங்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் 5 நிமிடம் மறுபடி சோனிகேட் செய்துவிட்டு, உடனே எடுங்கள்.

பேஸ்லைன் மலைக்குக் காரணமும் இதே 10 மைக்ரோலிட்டர்தான். அதில் 10 மைக்ரோகிராம் சிஎன்டி இருக்கிறது. கிராமுக்கு 20 ஃபாரட் என்று குறைத்து எடுத்தாலும் 200 மைக்ரோஃபாரட். கரைசலின் தடை 150 ஓம் என்றால் கால மாறிலி 30 மில்லி வினாடி. மின்தேக்க மின்னோட்டம் அடங்க அதைப்போல் ஐந்து மடங்கு, 150 மில்லி வினாடி வேண்டும். நீங்கள் 50-லேயே அளவெடுக்கிறீர்கள்! வெறும் கிளாஸி கார்பனில் 2 மைக்ரோஃபாரட் அளவுதான் இருக்கும், அது ஒன்றரை மில்லி வினாடிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அங்கே பேஸ்லைன் சுத்தமாகத் தெரிகிறது. சிஎன்டி-யை 4 மைக்ரோகிராமுக்குக் குறையுங்கள், பல்ஸ் அகலத்தை 100 மில்லி வினாடி ஆக்குங்கள், இடைவெளியை 0.4 வினாடிக்கு ஏற்றுங்கள்.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே சிஎன்டி பூசிய முனையை மறுபடி தயார் செய்யும்போது 0.05 மைக்ரான் மட்டும் போதாது. 1.0, 0.3, 0.05 என்று இறங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி. எட்டு வடிவில் தேய்த்து, எத்தனாலிலும் தண்ணீரிலும் ஒவ்வொரு நிமிடம் சோனிகேட். அதற்கு மேல் போனால் கார்பனுக்கும் உறைக்கும் இடையே விரிசல் விட்டு, கரைசல் உள்ளே ஏறும். பிறகு, பூசுவதற்கு முன், 1 மில்லிமோலார் ஃபெர்ரிசயனைடு, 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, வினாடிக்கு 50 மி.வோ. வேகத்தில் ஏற்றி இறக்கி ஒரு ஸ்கேன் எடுங்கள். ராண்டில்ஸ்–செவ்சிக் கணக்குப்படி 3 மி.மீ. முனைக்குப் பீக் மின்னோட்டம் 11.7 மைக்ரோஆம்பியர் வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் இரு பீக்குகளின் இடைவெளி 65–80 மி.வோ. என்றால் சரி, 100-ஐத் தாண்டினால் மறுபடி தேயுங்கள்.

---

பஃபர்_பைத்தியம்:

45 மி.வோ. நகர்வுக்குக் காகிதத்திலேயே விடை இருக்கிறது. இந்தச் சாயம் ஆக்சிஜனேற்றம் அடையும்போது எலக்ட்ரானும் புரோட்டானும் சம எண்ணிக்கையில் போகின்றன. 25 டிகிரியில் பிஎச் ஒரு அலகு இறங்கினால் பீக் 59 மி.வோ. நேர்ப்பக்கம் போகும். 45-ஐ 59-ஆல் வகுத்தால் 0.76. உங்கள் செல்லுக்குள் பிஎச் 4.5 இல்லை, 3.75 பக்கம் இருக்கிறது. மீட்டரை விட்டுப் பாருங்கள்.

பாஸ்பேட்டின் பிகேஏ மதிப்புகள் (பஃபர் திறன் உச்சத்தில் இருக்கும் பிஎச்-கள்) 2.15, 7.2, 12.3. நீங்கள் நிற்கும் 4.5 முதல் இரண்டுக்கும் கிட்டத்தட்ட நட்டநடு. பஃபர் திறன் மிகக் குறைவான இடம். சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைத் தண்ணீரில் கரைத்தாலே 4.5-ஐ ஒட்டி வந்துவிடும், அதனால் பஃபர் தயார் என்று தோன்றும். அது பெயரளவில்தான் பஃபர், வேலைக்கு வெறும் உப்புக்கரைசல். பானத்தில் லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் இருந்தால் அது 10 மில்லிமோலார். ஐந்து மடங்கு நீர்த்த பின் 2. அந்த 2 மில்லிமோலாரே உங்கள் பாஸ்பேட்டை 4.5-இலிருந்து 3.75-க்கு இழுத்துவிடும். அசிடேட்டாக இருந்தால் அதே அமிலத்துக்கு 0.1-க்கும் குறைவாகவே இறங்கும், பீக் நகர்வு 4–5 மி.வோ.

ஒரு லிட்டருக்கு: சோடியம் அசிடேட் டிரைஹைட்ரேட் 4.83 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் 3.7 மி.லி., பொட்டாசியம் குளோரைடு 7.46 கிராம். மீட்டரில் பார்த்து 4.5-க்குச் சரிசெய்துகொள்ளுங்கள். ஸ்டாண்டர்டு, பானம், கழுவும் பிளாங்க் (சாயம் இல்லாத கரைசல்) மூன்றுக்கும் இதே பஃபர். பானம் கலந்த பிறகும் ஒருமுறை பிஎச் அளந்து நோட்டில் எழுதுங்கள். எழுதாத பிஎச்-தான் பாதி சண்டைக்குக் காரணம்.

---

கரிமுனை:

ஸ்கேனுக்கு ஸ்கேன் பீக் இறங்குவது தனிக் கதை. இந்தச் சாயம் சிஎன்டி-யின் பக்கச்சுவரில் நன்றாக ஒட்டும். ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் பொருளும் அங்கேயே ஒட்டி இடத்தை அடைக்கும். எதிர்வினை மீளாதது, அதனால் ஒருமுறை எரிந்தது திரும்பி வராது. ஒட்டுகிறதா என்று பார்க்க எளிய சோதனை: முனையைச் சாயக் கரைசலில் இரண்டு நிமிடம் வைத்து, எடுத்து, தண்ணீரில் அலசி, சாயமே இல்லாத பஃபரில் ஸ்கேன் எடுங்கள். பீக் வந்தால் ஒட்டியதுதான். எண்ணாக வேண்டுமென்றால், ஸ்கேன் வேகத்தை வினாடிக்கு 20 முதல் 300 மி.வோ. வரை மாற்றிப் பீக் மின்னோட்டத்தை லாக்–லாக்கில் வரையுங்கள். சாய்வு 0.5 பக்கம் என்றால் விரவல், 1 பக்கம் என்றால் ஒட்டல்.

ஒட்டுவதைக் குறையாகப் பார்க்காதீர்கள், உணர்திறன் வருவதே அதனால்தான். ஆனால் நேரத்தைக் கட்டிப் போட வேண்டும். என் வரிசை: கலக்கிக்கொண்டே 120 வினாடி சேர்ப்பு, 10 வினாடி அமைதி, 0.4-இலிருந்து 1.0 வோல்ட் வரை ஒரே ஒரு ஸ்கேன். உடனே பிளாங்க் பஃபருக்கு மாற்றி, வினாடிக்கு 100 மி.வோ. வேகத்தில் 0 முதல் 1.1 வோல்ட் வரை எட்டுப் பத்துச் சுற்று. பிளாங்க் ஸ்கேனில் பீக் மறைந்தால்தான் அடுத்த அளவு. 1.3-க்கு மேல் ஏற்றாதீர்கள், கார்பனே ஆக்சிஜனேற்றம் அடைந்து பேஸ்லைன் மாறும்.

இன்னொன்று: ஸ்டாண்டர்டுகளைக் குறைந்ததிலிருந்து கூடியதாக ஏறுவரிசையில் எடுத்திருப்பீர்கள். அந்த வரிசையில் முந்தைய கரைசலின் மிச்சம் கண்ணில் படாது, கோடும் அழகாக வரும். வரிசையைக் கலைத்து, 20-க்குப் பிறகு 1 எடுத்துப் பாருங்கள்.

அடுத்து நாஃபியான். அதில் சல்ஃபோனேட், எதிர்ச்சுமை (நெகட்டிவ்). உங்கள் சாயத்திலும் இரண்டு சல்ஃபோனேட். வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு விருந்தாளி வரவில்லை என்கிறீர்கள். நாஃபியான் போட்ட முனையை ஃபெர்ரிசயனைடில் வைத்துப் பாருங்கள், அந்தப் பீக்கும் சுருங்கும். அதுவும் எதிர் அயனிதான். டோபமீன் மாதிரி நேர்ச்சுமைப் பொருளுக்குச் சொன்ன செய்முறையைச் சாயத்துக்கு எடுத்துப் போட்டால் இப்படித்தான். பதிலாக 1% அசிட்டிக் அமிலத்தில் 0.5% கைட்டோசான் (அமீன்கள் உள்ள பாலிமர்) கரைத்து, அதிலேயே சிஎன்டி-யைச் சோனிகேட் செய்யுங்கள். பிஎச் 4.5-இல் அதன் அமீன்கள் நேர்ச்சுமையோடு இருக்கும், சாயத்தை இழுத்துப் பிடிக்கும்.

---

பஃபர்_பைத்தியம்:

கரிமுனை, நாஃபியான் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. கைட்டோசானில் ஒரு திருத்தம். அது அமிலத்தில் கரைவதால்தானே அசிட்டிக் அமிலத்தில் கரைக்கிறோம்? அதே படலத்தை பிஎச் 4.5 அசிடேட்டில் பத்து நிமிடம் கலக்கிக்கொண்டே வைத்தால் ஊறி, உரிந்து போகும். குளூட்டரால்டிஹைடு ஆவியில் காட்டிக் குறுக்கிணைத்தால் நிற்கும். ஆனால் அந்த இணைப்பு அமீன்களையே செலவழிக்கிறது, நீங்கள் நம்பிய நேர்ச்சுமையில் ஒரு பங்கு போய்விடும். எவ்வளவு நேரம் காட்டினோம் என்பது இன்னொரு மாறியாகச் சேரும்.

---

கரிமுனை:

சரிதான், 4.5-ஐ யோசிக்காமல் எழுதிவிட்டேன். அப்படியென்றால் ஒட்டுப்பொருளே வேண்டாம். கார்பாக்சில் சிஎன்டி டிஎம்எஃப்-இலிருந்து காய்ந்தால் கிளாஸி கார்பனில் தானாகவே பிடித்துக்கொள்ளும், 4 மைக்ரோகிராமுக்கு அது போதும். படலம் உதிர்கிறதா என்று பார்க்க, பிளாங்க் பஃபரில் 20 சுற்று ஓட்டி, முதல் சுற்றின் மின்தேக்க மின்னோட்டத்தோடு கடைசிச் சுற்றை ஒப்பிடுங்கள். 5%-க்குமேல் குறைந்தால் உதிர்கிறது.

---

தராசு:

மின்முனையை எல்லோரும் பார்த்தாயிற்று. 70% மீட்புக்கு நான் ஃபில்டரைத்தான் முதலில் பிடிப்பேன். நைலான் என்பது பாலிஅமைடு. அமிலச் சாயங்களை உணவிலிருந்து பிரித்தெடுக்கப் பாலிஅமைடு பொடியைத்தானே பயன்படுத்துகிறோம்! அமிலக் கரைசலில் இருக்கும் சாயத்தை நைலான் சவ்வு வழியே விட்டால் சவ்வு ஆரஞ்சாகும், கரைசல் வெளிறும். பயன்படுத்திய சவ்வைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள்; நிறம் போகாவிட்டால் உங்கள் சாயத்தில் ஒரு பங்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது. பாலிஈதர்சல்ஃபோன் சவ்வுக்கு மாறி, முதல் 2 மி.லி.-யைக் கொட்டிவிட்டு மீதியை எடுங்கள். வடிகட்டும் முன் 10 நிமிடம் சோனிகேட் செய்து வாயுவை விரட்டிவிடுங்கள், இல்லையென்றால் முனையில் குமிழி ஒட்டும்.

இன்னொரு கேள்வி: ஸ்டாண்டர்டு சாயத்தின் தூய்மை எவ்வளவு? உணவுச் சாயமாக விற்கும் பொடியில் 85% சாயம் இருந்தாலே தரக்கட்டுப்பாட்டில் தேறும், மீதி உப்பும் ஈரமும். 452.4 என்ற மூலக்கூறு எடையை வைத்து 100 மி.லி.-க்கு 45.2 மி.கி. போட்டு 1 மில்லிமோலார் என்று எழுதினால், உண்மையில் 0.85-ஆக இருக்கலாம். நிறமாலைமானியில் சரிபார்க்கலாம்: பிஎச் 7-இல், 485 நானோமீட்டர் அருகே, லிட்டருக்கு 10 மி.கி. தூய சாயம் 1 செ.மீ. குவெட்டில் 0.555 உறிஞ்சும். உங்களுக்கு 0.48 வந்தால் தூய்மை 86%.

பானத்தில் கலவை விளைவு எப்படியும் கொஞ்சம் இருக்கும். நிறத்தைக் கலங்கலாக நிறுத்தப் போடும் கோந்தும் பால்மமாக்கியும் சிஎன்டி-யில் சாயத்தோடு இடத்துக்குப் போட்டி போடும். அதற்கு வெளி ஸ்டாண்டர்டுக் கோடு உதவாது, ஸ்டாண்டர்டு அடிஷன் (பானக் கரைசலுக்குள்ளேயே தெரிந்த அளவு சாயத்தைப் படிப்படியாகச் சேர்த்து அளப்பது) செய்யுங்கள். ஆனால் அது சாய்வு மாறுவதை மட்டுமே சரிசெய்யும். வேறு பொருள் அதே இடத்தில் பீக் கொடுத்தாலோ, ஃபில்டர் சாயத்தைத் தின்றாலோ அது காப்பாற்றாது.

---

நுண்ணளவி:

சவ்வு ஆரஞ்சாகத்தான் இருந்தது, அலசியும் போகவில்லை. பானம் கலந்த செல்லில் பிஎச் 3.78.

மாற்றியவை: அசிடேட் பஃபர், 2+2 மைக்ரோலிட்டர், நாஃபியான் இல்லை, பாலிஈதர்சல்ஃபோன், பல்ஸ் 100 மில்லி வினாடி, ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் பிளாங்கில் பத்துச் சுற்று. பீக் நகர்வு இப்போது 5 மி.வோ. ஒரே கரைசலில் மூன்று அளவு 100, 98, 97. ஐந்து முனைகளுக்கிடையே விலகல் 6%. வெளிக் கோட்டை வைத்துப் பார்த்தால் மீட்பு இன்னும் 84–86%தான். தூய்மை 88% என்று வந்தது, திருத்திவிட்டேன்.

ஸ்டாண்டர்டு அடிஷன்: செல்லில் 10 மி.லி., 1 மில்லிமோலார் கரைசலை 20 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று முறை. பீக் 1.20, 1.98, 2.75, 3.54 மைக்ரோஆம்பியர். வெறும் பஃபரில் சாய்வு 0.46. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

தராசு:

ஒவ்வொரு சேர்ப்பும் 2 மைக்ரோமோலார். நான்கு புள்ளிகளுக்கும் கோடு போட்டால் சாய்வு 0.3895, வெட்டு 1.20. வகுத்தால் செல்லில் 3.08 மைக்ரோமோலார். ஐந்து மடங்கு நீர்த்தல், எனவே பானத்தில் 15.4; லிட்டருக்கு 7.0 மி.கி. மொத்தம் 60 மைக்ரோலிட்டர்தான் கூடுகிறது, கனஅளவுத் திருத்தம் 0.6%, விட்டுவிடலாம்.

0.3895-ஐ 0.46-ஆல் வகுங்கள்: 0.85. உங்கள் வெளிக் கோட்டு மீட்பும் அதே 85. மிச்சமிருந்த இழப்பு முழுவதும் சாய்வுக் குறைவு என்று இதிலிருந்து தெரிகிறது, வேறெங்கும் சாயம் காணாமல் போகவில்லை. இனி மீட்பைக் கணக்கிடும்போது பானத்துக்குள் எடுத்த சாய்வையே பயன்படுத்துங்கள். பத்து மடங்கு நீர்த்துப் பார்த்தால் அந்த விகிதம் 1-ஐ நோக்கி நகரும். உங்களிடம் உணர்திறன் மிச்சம் இருப்பதால் நான் அதைத்தான் செய்வேன்.

கண்டறிதல் எல்லையை எழுதும்போது 3.3 பெருக்கல் விலகல் வகுத்தல் சாய்வு என்பதில், விலகலைப் பிளாங்கைப் பத்து முறை அளந்து எடுங்கள். சாய்வு பானத்துச் சாய்வாக இருக்கட்டும். பஃபர் சாய்வைப் போட்டால் எல்லை அழகாகத் தெரியும், பானத்தில் எட்டாது.

---

கரிமுனை:

லேபிளில் ஈ129 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அல்யூரா ரெட்டிலும் இதே நாஃப்தால் பகுதி இருப்பதால் பீக் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அப்படியென்றால் ஹெச்பிஎல்சி (சாயங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பிரிகை) தவிர வழியில்லை. டார்ட்ரசீன் இருந்தால் பயமில்லை, அது இந்தப் பீக்கிலிருந்து 0.2 வோல்ட்டுக்கும் அதிகமாக மேலே தள்ளி வரும். அஸ்கார்பிக் அமிலம் சிஎன்டி-யில் மிகக் கீழேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். அதன் வால் மட்டும் பேஸ்லைனைச் சாய்க்கும், ஸ்கேனை 0.4-இல் தொடங்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இதை எழுதும்போது "சிஎன்டி-யின் மின்வினையூக்கம்" என்று போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். துளைப் படலத்துக்குள் சிக்கிய மெல்லிய கரைசல் அடுக்கே பீக் இடைவெளியை 59 மி.வோ.-க்குக் கீழே இறக்கிக் காட்டும். வினையின் வேகம் கூடியிருக்கவே வேண்டாம். 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டின் காம்ப்டன் குழு, ஹைட்ரசீனுக்குச் சிஎன்டி காட்டிய வினையூக்கம் அதில் தங்கியிருந்த இரும்புத் துகள்களுடையது என்று காட்டியது. உங்கள் தரவு ஒட்டலைக் காட்டுகிறது. அதை அப்படியே எழுதுங்கள்.

---

சோனிகேட்டர்:

மாதிரிகள் நிறைய இருந்து, ஒவ்வொன்றுக்கும் பத்துச் சுற்று கழுவ அலுப்பாக இருந்தால் கார்பன் பேஸ்ட் பாருங்கள். கிராஃபைட் பொடி 70, பாரஃபின் எண்ணெய் 30 எடைக்கு. அகேட் உரலில் 20 நிமிடம் அரைத்து, ஒரு நாள் மூடி வைத்துவிட்டுக் குழாயில் அடையுங்கள். வேண்டுமென்றால் கிராஃபைட்டில் 5 பங்கை எடுத்துவிட்டு அங்கே சிஎன்டி. ஒவ்வொரு அளவுக்கும் அரை மில்லிமீட்டர் பிதுக்கி, வழுவழுப்பான தாளில் தேய்த்தால் புது முகம். எண்ணெய் கூடினால் பீக் அகலும், குறைந்தால் பேஸ்ட் பொடிந்து கரைசலுக்குள் உதிரும். தேய்த்த முகம் லென்ஸில் ஒரே சீரான மங்கல் கறுப்பாக இருக்க வேண்டும். பளபளத்தால் எண்ணெய் மேலே வந்துவிட்டது, இன்னொரு அரை மில்லிமீட்டர் பிதுக்குங்கள்.